டீசல் ஏறுது, வாடகை ஏற மாட்டேங்குது

டீசலுக்கு விலை வைக்கிறவரே, ஊரில் எனக்குச் சண்டைக்காரன் என்று பெயர் வந்ததற்கு நீர்தான் காரணம். குட்டியானை என்று நாம் சொல்கிற சின்ன சரக்கு வண்டிக்காரனுக்கு ஓட்டத் தெரிந்தால் பாதிப் பிழைப்பு, மீதிப் பிழைப்பு வாடகை பேசத் தெரிவதில் இருக்கிறது. என்னைப் போல வண்டி வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு இது தெரியும்.

எனக்கு நிலையான ஓட்டம் ஒன்றே ஒன்று. கடற்கரையில் ஏலம் முடிந்ததும் நாலு மீன்காரப் பெண்களின் பெட்டிகளை அஞ்சுகிராமம் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது. அது போனால் வண்டியை விற்க வேண்டியதுதான். இரண்டு வருஷமாக ஒரே வாடகை. கூட்டிக் கேட்க வேண்டும். ஆனால் அந்த நாலு பேர் முன்னால் என் வாய் எழும்பாது. அதனால் முதலில் வேறு ஆட்களிடம் கேட்டுப் பழகலாம் என்று புறப்பட்டேன்.

கல்லா, சாமியா?

மயிலாடியில் ஒரு சிற்பி. அம்மன் சிலை ஒன்றை நாகர்கோவிலுக்குக் கொண்டு போக வேண்டும். ஆறு பேர் சிலையைத் தூக்கி நிற்கிறார்கள். அதுதான் சமயம் என்று வாயைத் திறந்தேன். "சாமியாக்கும். மெதுவாப் போகணும். மெதுவாப் போனா டீசல் குடிக்கும். சேத்துத் தரணும்." அவர் உளியைக் கூடக் கீழே வைக்கவில்லை. "கண்ணு கோயில்ல வச்சுதான் தொறப்போம். அதுவரைக்கும் இது கல்லு. கல்லுக்கு உண்டான வாடகை தாறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்பம் கல்லைப் போடுத மாதிரி போட்டுட்டுப் போறேன்" என்றேன். தூக்கி நின்ற ஆறு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் வண்டிக் கதவை நானே திறந்துவிட்டேன். சிற்பி மட்டும் சிரித்தார். "போடும் ஓய். மூக்கு உடைஞ்சா மட்டும் கல்லுக்கு உண்டான விலை இல்ல, சாமிக்கு உண்டான விலை தரணும்."

இறக்கத்தில் லாபம்

வாடகை கூடாவிட்டால் செலவைக் குறைப்போம். இறக்கம் வந்தால் இன்ஜினை அணைத்து நியூட்ரலில் விட்டேன். வண்டி சத்தமில்லாமல் பறந்தது. பின்னால் வாழைக்குலை, பக்கத்தில் குலைக்குச் சொந்தக்காரரான கடைக்காரர். முன்னால் ஒரு பசுமாடு. இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக் இறுகி மிதிபடாமல் போகும் என்பது கிளீனராக இருந்த காலத்திலேயே நான் அடி வாங்கிப் படித்த பாடம். அதை மறந்து தொலைத்தேன். மாட்டை விட்டு ஸ்டியரிங்கை ஒடித்ததில், ரோட்டோரம் குவித்திருந்த வைக்கோலுக்குள் முகம் புதைத்து நின்றது வண்டி. மாடு வந்து வண்டியின் முன்பக்கத்திலிருந்த வைக்கோலை நிதானமாகத் தின்றது.

கடைக்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "நீ மிச்சம் புடிச்ச டீசலைவிட எனக்கு ஊத்துன வேர்வை கூடுதலு, கேட்டியா?"

பாதித் தலை

முடிவெட்டும் கடையில் அரைத்தலை முடிந்தபோது, வெட்டுகிறவர் இருபது ரூபாய் கூட்டியிருப்பதாகச் சொன்னார். ஏன் என்றேன். டீசல் என்றார். "உம்ம கத்தரிக்கோலு டீசல்லயா ஓடுது?" என்று கத்தினேன். அவர் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். பாதித் தலையோடு யாரும் பேரம் பேசி ஜெயித்ததில்லை. ஒத்துக்கொண்டேன். மறுபடி வெட்டத் தொடங்கியபோது சொன்னார்: "கத்தரிக்கோலு ஓடாது அண்ணாச்சி. அரிசி லாரி ஓடும்லா? நான் சோறு திங்காண்டாமா?"

றோசக்கா பேசியது

கடைசியில் கடற்கரைக்கே போனேன். நாலு பேரில் மூத்தவள் றோசக்கா. வழியெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சை நான் தொடங்குமுன் கரையைக் காட்டினாள். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. டீசல் போட்டுக் கடலுக்குப் போனால் கட்டுப்படியாகவில்லையாம். ஏலத்துக்கு வந்ததே கொஞ்சம் மீன். நாலு பேருக்கும் சேர்த்து இரண்டு பெட்டி.

"இனி ஒண்ணுவிட்டு ஒருநாள் வந்தா போதும் மக்கா" என்றாள். கூட்டிக் கேட்க வந்தவனுக்கு ஓட்டமே பாதியாகிப் போனது. நான் குதித்தேன். இரண்டு வருஷம் ஒரே வாடகைக்கு ஓடினதைச் சொன்னேன், வண்டியை விற்க வேண்டி வரும் என்றேன், தொண்டை கட்டுகிறவரை கத்தினேன். நாலு பேரும் பெட்டி மேல் ஐஸைத் தட்டிப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மூச்சு வாங்கியபோது றோசக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "குடி மக்கா. உனக்கும் படகுக்காரனுக்கும் ஒரே ஆளுதான் விலை வைக்கான். இந்தச் சத்தத்தை அவன்கிட்ட போயிப் போடேன்."

ஆகவே விலை வைக்கிறவரே, எங்கே வந்து சத்தம் போடுவது என்று முகவரி தெரியாததால் இங்கே எழுதுகிறேன்: டீசல் விலையை இறக்கும், றோசக்கா தினமும் வண்டி கூப்பிடட்டும், பழைய வாடகைக்கே பேரம் பேசாமல் வந்து நிற்கிறேன்.