தறியைத் தொடாத மூன்று நாட்கள்

பக்கத்து வீட்டில் பிராய்லர் கோழி வேகும் வாசனை வந்தால் அம்மா எங்கள் வீட்டுச் சன்னலைச் சாத்திவிடுவாள். தின்றால்தானே உடம்பில் சேரும், வாசனையுமா சேரும் என்று அப்பா கேட்டாலும் திறக்கமாட்டாள். ஒன்பது வயதில் நான் "கிடுகிடு"வென்று வளர்ந்துகொண்டிருந்ததற்கு யார்மீதாவது பழி போட்டாக வேண்டும். முதலில் கோழி, பிறகு பாக்கெட் பால், கடைசியில் அத்தை கொடுத்தனுப்பிய சத்துமாவு. பட்டு நெசவாளர்கள் நிறைந்த எங்கள் பிள்ளையார்பாளையத்தில் என் வயதுப் பெண்களைவிட ஒரு தலை உயரமாக நின்ற என்னை, அம்மா தினமும் ஏற இறங்கப் பார்த்தாள்.

ஒருநாள் பள்ளிவிட்டு வந்தபோது பாவாடையில் இரத்தக் கறை. அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. "எவகிட்டயாச்சும் சொன்னே, தோலை உரிச்சிடுவேன்" என்றாள். துணியை மடித்துக் கொடுத்தாள்; என்ன, ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கா சடங்கு என்று தெரு வாயில் போட்டு மெல்லும் என்பதுதான் அவள் பயம் என்று இன்று புரிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் சாகப்போகிறேன் என்பது மட்டுமே.

மாலையானால் அப்பாவின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து "தார்" சுற்றுவது, அதாவது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழலில் பட்டு இழையைச் சுற்றுவது, என் வேலை. அம்மைக்கட்டு வந்து கன்னம் வீங்கியிருந்தபோதுகூடச் சுற்றியிருக்கிறேன். அன்று அம்மா, "தறியாண்ட போவாத" என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். "தூரமான" பெண்கள் தறியைத் தொடக்கூடாது என்பது எங்கள் தெருவின் கட்டுப்பாடு. ஊரிடம் எல்லாவற்றையும் மறைக்கத் துணிந்தவளுக்கு இதை மட்டும் மீறத் துணிச்சல் வரவில்லை. பட்டுக்கே ஆகாத நோய் ஏதோ எனக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மூலையில் கிடந்தேன்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு இந்திராக்கா வந்தார். தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மாவையும் மூலையில் இருந்த என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாக்கா, பொண்ணு சும்மா குந்திக்கினு இருக்குது?"

"காய்ச்சல்" என்றாள் அம்மா.

இந்திராக்கா என் நெற்றியைத் தொட்டார். சுடவில்லை. தறியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடி அவர் புடவையைப் பிடித்தேன். "அக்கா, நான் செத்துடுவேனா?"

"அடிப்பாவி, உன்கிட்ட யாரும் சொல்லலியா? இது நோயில்லமா. எனக்குந்தான் வருது, உங்கம்மாவுக்குந்தான் வருது. மூணு நாள் இருக்கும், போயிடும்."

நின்ற இடத்திலேயே அழுதேன். உயிர் திரும்பி வந்த நிம்மதி பாதி, அம்மாமேல் வந்த ஆத்திரம் பாதி. விளக்கு வைப்பதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

இப்போது என் மகளுக்கு எட்டு வயது. அவளும் வேகமாக வளர்கிறாள். மருத்துவரிடம் காட்டி, எல்லாவற்றையும் அவளுக்குப் படம் போட்டுச் சொல்லிவிட்டேன். ஆனாலும் பால் பாக்கெட்டை ஒருமுறை முறைத்துப் பார்க்காமல் என்னால் பிரிக்க முடிவதில்லை. போன மாதம் அம்மாவிடம், "அன்னிக்கு ஏம்மா எனக்கு ஒண்ணுமே சொல்லல?" என்றேன்.

"நீ எங்கமா கேட்ட? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

பொய் சொல்கிறாளோ என்று முகத்தையே பார்த்தேன். பொய்யில்லை, நான் கேட்கவில்லை. அதற்கு முன்பெல்லாம் அவளை ஒரு நாளைக்கு நூறு கேள்வி கேட்டுத் தொணதொணத்தவள் நான். அதன் பிறகு, பிரசவ வலி எப்படி இருக்கும் என்பதைக்கூட இந்திராக்காவிடம்தான் கேட்டேன்.