சுவரில் ஒட்டிய தாடிக்காரர்

மலாய் நாட்டில் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலத்தில், கோலா கிளாவாங்கிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எங்களில் யாரோ உதவுகிறார்கள் என்று போலீசுக்குச் சந்தேகம். போலீஸ் லாரி வந்தால் யாரையாவது ஏற்றாமல் திரும்பாது. பக்கத்து வீட்டுக்காரரை அப்படித்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு, அவரைக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்ற தகவல்தான் வந்தது.

லயத்தின் பலகைச் சுவரில் காற்று நுழையாமல் இருக்க எல்லோரும் பழைய பேப்பர் ஒட்டுவோம். ஒரு தடவை கருவாடு சுற்றி வந்த தமிழ்ப் பேப்பரில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. கணக்கில் பெரிய சாதனை செய்தவர்களுக்கு நான்கு வருடத்துக்கு ஒரு முறை உலக அளவில் தங்கப் பதக்கம் கொடுக்கிறார்களாம். தோட்டப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றுவிட்ட எனக்குப் பிடித்த ஒரே பாடம் கணக்குதான். கணக்குக்குக்கூடப் பதக்கமா என்று இருந்தது. அந்தப் பதக்கத்தின் படத்தை வட்டமாக வெட்டி, முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன்.

அதில் தாடி வைத்த ஒரு பெரியவரின் முகம் இருந்தது. சுற்றிலும் எனக்குத் தெரியாத எழுத்து. என் மனைவிக்குப் படிக்கத் தெரியாது. யாரோ சித்தர் என்று நினைத்து வெள்ளிக்கிழமைதோறும் அவருக்கும் குங்குமம் வைத்தாள். இல்லை என்று சொல்ல எனக்குக் கூச்சம். விட்டுவிட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் லாரி வந்தது. எல்லோரையும் திடலில் உட்காரவைத்துவிட்டு வீடு வீடாகச் சோதித்தார்கள். என்னை மட்டும் வீட்டுக்குள் கூப்பிட்டார்கள். வெள்ளைக்கார அதிகாரி சுவரில் இருந்த அந்தப் படத்தைக் கைத்தடியால் தட்டினார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் டவுன்காரத் தமிழர்.

"யாருய்யா இந்தத் தாடிக்காரன்? ரஷ்யாக்காரனா? செவப்பு வேற பூசி வச்சிருக்கியேன்னு தொர கேக்குறாரு."

அது குங்குமம் என்று மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அவரும் துரையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரிசுங்க…" என்றேன்.

"பரிசா? எந்தக் காட்டுல வச்சுக் குடுத்தானுங்க?"

தடியைப் படத்திலிருந்து எடுக்காமலே அதிகாரி வாசலில் நின்ற லாரியைப் பார்த்துத் தலையசைத்தார். ஒரு மலாய்க்காரப் போலீஸ்காரர் என் தோளைப் பிடித்தார். கணக்கு, பேப்பர், கருவாடு என்று எல்லாம் மனதுக்குள் ஓடியது; ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

அப்போதுதான் என் மனைவி திடலிலிருந்து எழுந்து ஓடிவந்தாள். "ஒக்காரும்மா!" என்று யாரோ கத்தியதை அவள் காதில் வாங்கவில்லை.

"தடிய எடுக்கச் சொல்லுங்கண்ணே! சாமி மேலயா தட்டுறது?"

மொழிபெயர்ப்பாளர் வாய் திறப்பதற்குள் குங்குமச் சிமிழை எடுத்தாள். முருகனுக்கு ஒரு பொட்டு வைத்தாள். அதே விரலால் தாடிக்காரருக்கும் ஒரு பொட்டு. பிறகு இருவரையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

என் தோளைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. "சாமிலா, துவான்!" என்றார் அந்தப் போலீஸ்காரர், இது சாமிதான் துரை என்று. அதற்குப் பிறகுதான் மொழிபெயர்ப்பாளருக்கும் தைரியம் வந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அதிகாரி படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்துவிட்டார். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

லாரி போன பிறகும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

"நெசமா யாருங்க அவரு?" என்று கேட்டாள்.

"தெரியல. கணக்குக்குக் குடுக்குற பதக்கத்துல போட்டிருக்காங்க."

"இத அவனுங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே? வாய எங்க அடமானம் வச்சீங்க?"

நாங்கள் டவுனுக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டால் இன்றும் எழுந்து நின்றுவிடுகிறேன். அப்போது என் கண்கள் சாமி படத்தைத் தேடுவதில்லை, அவள் வீட்டில் இருக்கிறாளா என்றுதான் தேடுகின்றன.