ஒட்டிப் பறக்கவிட்டவர்கள்

விமானத்தைத் துண்டு துண்டாகப் பெட்டியில் அடைத்து விற்பது என் தொழில். அந்தப் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிக் கையளவு விமானமாக முடிப்பது வாங்கியவர் தலைவிதி. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது என் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் நடுவில் ஒரு நீள மேசையைப் போட்டுவிடுவேன். வீட்டில் இடமில்லாதவர்கள், இடமிருந்தும் துரத்தப்பட்டவர்கள் வந்து உட்கார்ந்து ஒட்டலாம். பசை விரலோடு காக்பிட் கண்ணாடியைத் தொட்டு, அதில் கைரேகையை நிரந்தரமாகப் பதித்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், நீங்கள் நம்ம ஆள்; மேலே படியுங்கள்.

அந்த மேசையில் நடப்பது ஒரே ஒரு சண்டைதான். அச்சு அசலாக இருக்க வேண்டுமா, ஒட்டுகிறவருக்குச் சந்தோஷமாக இருந்தால் போதாதா? நான் அதில் நடுவர் இல்லை. பக்கத்தில் நின்று வாயைப் பிளந்து பார்த்தவள், அவ்வளவுதான்.

யார் பார்க்கப் போகிறார்கள்?

பரசுராமன் சார் சிட்லபாக்கத்துக்காரர், இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. அசல் கட்சியின் தலைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு போர் விமானத்தை எடுத்தால் அதற்கென்று படங்கள் சேர்ப்பார், ஸ்கேல் வைத்து அளப்பார், கம்பெனிக்காரன் வாலை ஒரு மயிரிழை உயர்த்திவிட்டான் என்று உப்புத்தாளால் தேய்ப்பார். அவர் ஒரு விமானத்தை முடிப்பதற்குள் நான் கடைக்கு வெள்ளையடித்துவிடுவேன்.

ஒரு ஞாயிறு பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். காக்பிட்டின் உள்பக்கம். கடுகை விடச் சின்ன மீட்டர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முள். மாத்திரை அட்டையின் வெள்ளித் தாளை நறுக்கி சீட் பெல்ட் செய்திருந்தார். அதில் ஒரு பட்டை, யாரோ இப்போதுதான் அவிழ்த்துவிட்டு எழுந்து போன மாதிரி மடங்கிக் கிடந்தது. ஆனால் விமானத்தின் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டிவிட்டால் இதில் ஒன்றுமே வெளியே தெரியாது. அப்புறம் இதை யார் சார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"உள்ள உக்கார்ற பைலட் பார்ப்பான் இல்ல, மேடம்."

காணாமல் போன சக்கரம்

கலைச்செல்வி எதிர்க்கட்சி. கோவிலம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவாள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரம் முழுக்க எதையும் மில்லி கணக்கில் பார்த்து அலுத்துப்போனவள். செய்முறைத் தாளைப் பிரித்துப் பார்க்கவே மாட்டாள். ராணுவப் பச்சை அடிக்க வேண்டிய இடத்தில் அவளுக்குப் பிடித்த கத்தரிப்பூக் கலர் அடிப்பாள். அவள் பிரஷ்ஷை எடுத்தாலே எதிரில் பரசுராமன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். பார்க்காமல் இருக்க அவருக்குத் தெரிந்த வழி அது.

அன்றைக்கு அவள் கையிலிருந்து ஒரு சக்கரம் தெறித்துக் கீழே விழுந்தது. கீழே விழுந்த துண்டு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் மேசைக்கடியில் தவழ்ந்தோம், பெருக்கினோம், செருப்புகளை உதறினோம். பூமி பிளந்து விழுங்கிவிட்டது. புதுச் சக்கரம் தானே செதுக்கித் தருகிறேன் என்று பரசுராமன் சார் சொன்னார். ஒரு சக்கரம் குறைந்த விமானத்தைப் பார்க்கிற துக்கம் அவருக்கு. கலைச்செல்வி கேட்கவில்லை. மீதிச் சக்கரங்களையும் விட்டுவிட்டு, பறக்கும்போது சக்கரங்கள் உள்ளே மடங்கும் இடத்தின் கதவுகளை மூடி ஒட்டினாள். தையல் நூலைக் கட்டி, ஸ்டூல் மேல் ஏறி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள்.

காற்றடித்ததும் அது மெதுவாக இறக்கையைச் சாய்த்துத் திரும்பியது. கீழே ஜி.எஸ்.டி. ரோட்டின் ஹாரன் சத்தம். மேலே அந்தக் கத்தரிப்பூ விமானம் தன்பாட்டுக்கு வட்டமடித்தது. என் கடையில் எத்தனையோ விமானங்கள் பீடத்தின் மேல் நிற்கின்றன. ஒன்று பறப்பதை நான் பார்த்தது அன்றுதான். பரசுராமன் சார் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் கிடைத்தால் மாட்டிக்கொள்ளலாமே என்று கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தார். அவள் ஸ்டூலிலிருந்து இறங்கியபடியே சொன்னாள்:

"பறந்துக்கிட்டு இருக்கறதுக்கு எதுக்கு சார் சக்கரம்?"

தலைக்கு மேலே போனது

தேவசகாயம் சார் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். பிறவியிலேயே பார்வை கிடையாது. புள்ளி எழுத்துப் புத்தகங்களை விரலால் வாசிக்கிறவர். பொழிச்சலூரில் வீடு. விமானங்கள் தரையிறங்கும் பாதைக்கு நேர் கீழே. வாழ்நாளெல்லாம் தலைக்கு மேலே இரைச்சலாகப் போகிற அந்தப் பொருள் எப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துகொள்ள மனைவி கையைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார்.

என்னிடம் விலைபோகாமல் ஒட்டிவைத்த ஒரு பழைய விமானம் இருந்தது. பழைய காலத்து அச்சு. தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகள் எல்லாம் உடம்பு முழுக்கப் புடைத்து நிற்கும். நிஜ அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொரு ஆணித்தலையும் மெதுவடை சைசுக்கு வரும். பரசுராமன் சார் அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பார். வேறு நல்லதாகக் கொடுங்கள் என்று அன்றைக்கும் என் காதில் சொன்னார். அவர் சொன்ன புது விமானத்தைத்தான் முதலில் கொடுத்தேன். இப்போது பொழிச்சலூருக்கு மேலே பறக்கிற அதே ஜெட். தேவசகாயம் சாரின் விரல்கள் அதில் வழுக்கிக்கொண்டு போயின. கோடுகள் அவ்வளவு நுணுக்கம், விரலுக்கு அகப்படவில்லை.

பிறகு பழையதைக் கொடுத்தேன். மூக்கில் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. ஆணி வரிசையைப் பிடித்துக்கொண்டே போய், இங்கே கதவு என்றார். இங்கே இறக்கை உடம்போடு சேருகிறது, அதனால்தான் இவ்வளவு நெருக்கமாக அடித்திருக்கிறார்கள் என்றார். நாங்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை. மேசையில் எல்லோரும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டோம். வால்வரை போய்விட்டுக் கையை எடுத்தவர் மனைவி பக்கம் திரும்பினார்:

"இவ்வளவு ஆணி அடிச்சுத்தான் மேல அனுப்பறாங்களாம், மேரி. இனிமே பயப்படாம தூங்கலாம்."

ஒரே ஒரு பொய்

அன்றைக்குப் போகும்போது பரசுராமன் சார் விரலுக்கு அகப்படாத அந்தப் புது ஜெட்டின் இன்னொரு பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். சில ஞாயிறுகள் ஆளையே காணோம். உடம்பு சரியில்லையோ என்று கலைச்செல்வி போன் போட்டாள். வேலையாக இருக்கிறேன் என்று மட்டும் சொன்னாராம்.

ஒருநாள் துணி சுற்றிய பொருளோடு வந்தார். பிரித்துப் பார்த்தால் அந்த ஜெட், அதன் உடம்பெல்லாம் ஆணித்தலைகள். ஊசி முனையில் வெள்ளைப் பசையைத் தொட்டு ஒவ்வொரு புள்ளியாக வைத்து, காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு துளி வைத்து உயர்த்தியிருக்கிறார். நிஜ விமானத்தில் அந்த ஆணிகள் தகட்டோடு தகடாகப் பதிந்திருக்கும், துருத்தாது. அது அவருக்குத் தெரியாதா? ஆணி இருக்கும் இடமெல்லாம் படம் பார்த்து வைத்தது, உயரம் மட்டும்தான் பொய் என்று என்னிடம் ரகசியம் போலச் சொன்னார். துருத்தும் ஆணியை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்தே வயதான மனிதர், இப்போது ஒவ்வொன்றாக முளைக்க வைத்திருக்கிறார்.

தேவசகாயம் சாரை வரவழைத்து அவர் கையில் கொடுத்தோம். பரசுராமன் சார் பரீட்சை எழுதிய பையன் மாதிரி எதிரில் உட்கார்ந்திருந்தார். விரல்கள் நிதானமாகப் போயின. இடது இறக்கையில் நின்றன, பின்னால் வந்தன, மறுபடி அதே இடத்தில் நின்றன. தயங்கித் தயங்கித்தான் சொன்னார்:

"தப்பா நெனச்சுக்காதீங்க சார், இங்க ஒரு ஆணி விட்டுப்போச்சு."

பரசுராமன் சார் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். உண்மைதான். அவர் முகத்தில் அன்று வந்த சிரிப்பை, எந்த விமானத்தை முடித்தபோதும் நான் பார்த்ததில்லை. தம் வேலையை இத்தனை கவனமாக ஒருவர் வாசித்தது அதுவே முதல் தடவை போலும். அங்கேயே ஊசியைக் கேட்டு வாங்கி அந்தத் துளியை வைத்தார். காயும்வரை இரண்டு பேரும் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு வால் பகுதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை காலம் கடை நடத்தியதில் நான் கண்டது, நம் தப்பைக் கண்டுபிடிக்க ஆள் கிடைப்பதும் ஒரு சந்தோஷம்தான், ஆனால் அந்த ஆளை மட்டும் எந்தக் கம்பெனிக்காரனும் பெட்டியோடு சேர்த்து அனுப்புவதில்லை.