கைதட்டலில் தோற்ற தீர்மானம்

மேடையில் நான் தோற்றதில்லை என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. தோற்ற மேடைகளை நான் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்பதே சரி. ஆனால் ஒரு பேச்சை மட்டும் வெற்றியில் சேர்ப்பதா தோல்வியில் சேர்ப்பதா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அது நிகழ்ந்த இடமும் மேடையன்று. மயிலாப்பூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை.

பள்ளி நாள்களிலிருந்தே தி.நகரில் ஒரு மாடிக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் பேசப் பழகியவள் நான். எங்கே குரலைத் தாழ்த்துவது, எந்தச் சொல்லுக்குப் பின் கைதட்டலுக்கு இடம்விட்டு நிற்பது என்பதெல்லாம் எங்களுக்குப் பாடம். முதலில் சிரிக்க வை, அடுத்து நெகிழ வை, கடைசியில் கேள். இந்த வரிசை என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை. அந்தப் பெருமையோடுதான் மூன்றாம் மாடி டீச்சருக்கு வாக்குக் கொடுத்தேன்.

டீச்சர் எனக்குப் பாடம் நடத்தியவர் அல்லர். சாந்தோம் பக்கம் பணியாற்றி ஓய்வு பெற்றவர் என்பதால் குடியிருப்பு முழுவதற்கும் அவர் டீச்சர். அவருடைய கணவருக்கு நுரையீரல் பழுதாகிவிட்டது. மூக்கில் குழாயோடு, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஓர் இயந்திரத்தின் அருகில்தான் அவருடைய நாள் முழுவதும் கழிகிறது. மின்சாரம் நின்றால் அது நிற்கும். வீட்டு இன்வெர்ட்டர் அதை வெகுநேரம் தாங்குவதில்லை.

"மொட்டை மாடியில சோலார் போடறதப் பத்தி ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல ஓட்டு எடுக்கறாங்க. பேட்டரியோட போடறது. நான் எழுந்து பேசினா, வீட்டுக்காரருக்காகப் பேசுதுன்னுதான் நினைப்பாங்க. நீ பேசும்மா. கரண்ட் தட்டுப்பாடு வந்தா எல்லாருக்கும்தான் கஷ்டம்னு சொல்லு. பன்னெண்டு வீட்டுல ஏழு வீடு கை தூக்கினா போதும்" என்றார் டீச்சர்.

"ஏழு என்ன டீச்சர், பன்னெண்டும் தூக்கும்" என்றேன்.

ஒரு வாரம் படித்துக் குறிப்பெடுத்தேன். கோடைதோறும் ஏறும் தேவை, நிலக்கரி, பத்தாண்டுகளுக்குப் பிறகு வரக்கூடிய பற்றாக்குறை. ஒத்திகை பார்க்க, எங்கள் வாசலில் வண்டி போட்டு இஸ்திரி போடும் அண்ணனைப் பிடித்தேன்.

"அண்ணா, பத்து வருஷம் கழிச்சு கரண்ட் பத்தாதுன்னு சொன்னா நம்புவீங்களா?"

"பத்து வர்சமா? நாளிக்கு மய வருமான்னே டிவில கரீக்டா சொல்ல மாட்டேன்றான் பாப்பா! நம்ம பொட்டி கரில ஓடுது. கரண்ட் பூட்ச்சுன்னா உனக்குத்தான் பேஜாரு" என்று பெட்டியை ஊதிக்கொண்டே சிரித்தார்.

அன்றே குறிப்புகளைத் தூக்கி எறிந்தேன். வராத நாளை யார் கண்ணிலும் காட்ட முடியாது. வந்துபோன நாளைக் காட்டலாம். அதைக் காட்டிவிட்டு, மீண்டும் வரும் என்று முடித்தால் யார் மறுக்க முடியும்? என் வாதத் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

வந்துபோன நாள் என்று நான் சொல்வது, நான் ஐந்தாம் வகுப்பை முடித்திருந்த கோடையை. தினமும் இரண்டு மணி நேர மின்வெட்டு. எங்கள் தெருவுக்கு நான்கிலிருந்து ஆறு. அதைப் பற்றிப் பேச எனக்குக் குறிப்பே தேவைப்படவில்லை.

நான்கு அடித்ததும் பன்னிரண்டு வீட்டு மின்விசிறிகளும் ஒருசேரத் தளர்ந்து நிற்கும். எந்த வீட்டு மிக்சியோ பாதிச் சட்டினியில் ஓயும். ஒவ்வொரு கதவாகத் திறக்கும். படிக்கட்டின் மொசைக் கல் மட்டும்தான் அந்த வேளையில் குளிர்ச்சி. அதில் இடம்பிடிக்கப் பிள்ளைகள் ஓடுவோம். இரண்டாம் படியில் கீரை ஆய்வார்கள். நான்காம் படியில் மிளகாய்ப் பொடி தூவிய மாங்காய்த் துண்டு கைமாறும். தரைத்தள மாமா பனியனோடு வந்து உட்கார்ந்து, பேட்டரி ரேடியோவில் கேட்கும் கிரிக்கெட்டை எங்களுக்கு நடித்தே காட்டுவார். ஐந்து மணிக்குக் கடற்காற்று தெருவுக்குள் நுழையும். "வந்துட்டுது, வந்துட்டுது!" என்று பெரியவர்களே கூவுவார்கள். ஆறு மணிக்கு விளக்கு எரிந்ததும் பிள்ளைகள் ஒரு கூச்சல் போடுவோம். போட்ட மறுகணம் எல்லாரும் அவரவர் வீட்டுக்குள் போய்விடுவார்கள். அந்தக் கூச்சலில் பாதி வருத்தம் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது.

இதையெல்லாம் கார் நிறுத்துமிடத்தில் சொன்னேன். சிரித்தார்கள். மாமாவின் பனியனைச் சொன்னபோது மாமியே புடைவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கடற்காற்றுக்கு இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். நான் குரலைத் தாழ்த்தினேன். "அந்த நாள்கள் மீண்டும் வரப்போகின்றன" என்று சொல்லி நிறுத்தினேன். அது எச்சரிக்கை. சோலாருக்குக் கை தூக்குங்கள் என்று நான் கேட்கவிருந்தது அதற்கடுத்த வரியில்தான்.

கைதட்டல் அடங்கவே இல்லை. அடுத்த வரி யாருக்கும் கேட்டிருக்காது.

சங்கத் தலைவரும் அந்தத் தரைத்தள மாமாதான். "பேஷ்! அப்படியே கண்ணுக்கு முன்னாடி கொண்டு வந்து நிறுத்திட்டே, குழந்தே. வந்தா வரட்டுமே! இப்பல்லாம் யாரு யாரோட பேசறா? லிஃப்டுல ஏறினா போனைப் பாத்துண்டு நிக்கறா. மறுபடியும் எல்லாரும் படிக்கட்டுல உக்காந்துண்டு பேசலாமே. அதுக்குப் போய் மொட்டை மாடிய அடைப்பானேன்?" என்றார். மறுபடியும் சிரிப்பு. ஓட்டு எடுத்தார்கள். உயர்ந்த கைகள் நான்கு. எங்கள் வீடும் டீச்சர் வீடும் அதில் சேர்த்தி.

டீச்சர் தம் நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு மாடியேறினார். பின்னாலேயே போனேன். அவர் வீட்டுக்குள் அந்த இயந்திரம் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் பேசினே. எனக்கே சிரிப்பு வந்துச்சு" என்றார். பிறகு, "அந்தப் படிக்கட்டுல நான் எந்தப் படியில உக்காந்திருந்தேன், சொல்லு பாப்போம்?" என்று கேட்டார்.

கீழிருந்து மேலாக நினைவில் தேடினேன். எல்லாரும் அவரவர் படியில் இருந்தார்கள். டீச்சர் எங்குமே இல்லை.

"மாமியார் அப்போ படுத்த படுக்கை. முதுகெல்லாம் புண்ணு. நாலுலேருந்து ஆறு வரைக்கும் விசிறி வீசணும். ஒரு கை ஓஞ்சா இன்னொரு கை. நீங்க கீழ கத்தறது கேக்கும். எப்படா ஆறு ஆகும்னு இருக்கும்."

"இதை மீட்டிங்லயே சொல்லியிருக்கலாமே டீச்சர்?"

"சொன்னா அழுவாங்க. அழுது முடிச்சதும் மனசு லேசாயிடும். வீட்டுக்குப் போயிடுவாங்க."

நான் பதினான்கு ஆண்டுகள் பயின்ற கலையை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். தி.நகர் மாடிக் கூடத்தில் எவரும் சொல்லாத ஒன்று அப்போது விளங்கியது. பற்றாக்குறையை நினைவில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அதை எளிதாகக் கடந்தவர்கள். எங்களுக்கு அது மாங்காயும் கடற்காற்றும். நாங்கள்தான் கை தூக்க வேண்டியவர்கள். எங்களிடம் போய் அது திரும்பி வருமென்றால், நாங்கள் மகிழ்ச்சியோடு காத்திருக்கத்தானே செய்வோம்?

அன்று மாலையே மாமா வீட்டுக் கதவைத் தட்டி, "மூணாம் மாடி சார் உங்களப் பாக்கணும்கறார்" என்று ஒரு பொய் சொன்னேன். மாமா வந்தார். இயந்திரத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டோம். சார் குழாயைச் சரிசெய்துகொண்டு, இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சாகப் பேசினார். பேசியது கிரிக்கெட்தான். மாமாவும் உற்சாகமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவர் பார்வை இயந்திரத்திலிருந்து வயர் வழியே சுவருக்குப் போய், பிளக்கில் நின்றது.

"இது நின்னுடுத்துன்னா?"

"சிலிண்டர் ஒண்ணு வச்சிருக்கோம். ரெண்டு மணி நேரம் வரும்" என்றார் டீச்சர். "அன்னிக்கு நிரப்பி வச்சிருந்தா."

மாமா காபியைக் குடித்து முடிக்கவில்லை. படியிறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடியும் மீட்டிங் போடறேன். எல்லாரையும் முதல்ல இங்க ஏறி வந்துட்டு அப்புறம் கீழ வரச் சொல்லு. ஆனா ஒண்ணு, குழந்தே."

"என்ன மாமா?"

"நீ பேசப்படாது."

வாழ்வில் முதன்முறையாக, எதிர்வாதம் வைக்காமல் ஒப்புக்கொண்டேன்.