கல்லறையில் ராகி அடை

1938 நவம்பர் 2. காலை ஒன்பது மணிக்குப் பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கினேன். கத்தோலிக்கர்கள் தங்கள் செத்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளைப் பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை. மூன்று மைல் தள்ளியிருந்த ஒரு கிராமத்துக்கு நாலணாவுக்கு மாட்டு வண்டி பேசினேன். ஊரின் பெயரை எழுதினால் வம்பு வரும், விட்டுவிடுகிறேன்.

வண்டிக்காரர் சவரிமுத்துவுக்கு அதுவே சொந்த ஊர். அவருடைய ஒன்பது வயது மகள் போன ஆடியில் காய்ச்சலில் இறந்திருந்தாள்.

"மொத வருசங்க. சாமியாரு ஒவ்வொரு கல்லறையா வந்து தீர்த்தம் தெளிப்பாருங்க. அது வுழுந்தாத்தான் புள்ளைக்கு மோட்சம்னு எம் பொஞ்சாதி காலையிலருந்து பச்சத்தண்ணி குடிக்கல" என்றார்.

பகல் பன்னிரண்டு. பங்குச் சாமியார் பிரான்சு தேசத்தவர். தமிழ் நன்றாகப் பேசினார். காப்பி கொடுத்து உட்காரவைத்தார். இந்தத் திருநாள் எப்படி வந்தது என்று கேட்டதும் முகம் மலர்ந்தது. அவர் பிறந்த கடலோரச் சீமையில், இலையெல்லாம் உதிர்ந்து இருட்டுக் காலம் தொடங்கும்போது செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம். கிறிஸ்து மதத்துக்கும் முந்திய நம்பிக்கையாம் அது.

"என் தாயார் மேசையில் பாலும், உங்கள் தோசை போன்ற ஒரு பண்டமும் வைப்பார்கள். அடுப்பை அணைக்க மாட்டார்கள். குழந்தைகள் நாங்கள் போர்வைக்குள் நடுங்குவோம். தாயார் இறந்து பன்னிரண்டு வருஷம், நான் போகவில்லை" என்றார்.

எங்கள் வீட்டு மகாளய அமாவாசைப் படையல்தானே இது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மாலை நாலு மணி. கல்லறையெங்கும் சாமந்தியும் மெழுகுவத்தியும். சவரிமுத்துவின் மனைவி மரியாயி, மகளைப் புதைத்த மண்மேட்டில் இலை போட்டு, வெல்லம் சேர்த்த ராகி அடை இரண்டு வைத்திருந்தாள். தீர்த்தத்தோடு வந்த சாமியார் நின்றார்.

"இது பேய்க்குப் படைப்பது. எடு. எடுக்காவிட்டால் தீர்த்தம் இல்லை."

"பேய்க்கு இல்லீங்க சாமி, புள்ளைக்குங்க. அது பசி தாங்காதுங்க."

அவர் அடுத்த கல்லறைக்கு நகர்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்கள் தாயார் பாலும் பண்டமும் வைத்தது யாருக்கு?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன்.

"அது எங்கள் ஊர் வழக்கம்" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

அவர் தாயார் வைத்தால் வழக்கம், இவள் வைத்தால் பேயா? என்ன நியாயம் இது? பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய்ப் பேரம் பேச எப்படித்தான் மனசு வந்ததோ.

மரியாயி இலையைச் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டாள். சாமியார் திரும்பி வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்.

ஐந்தரை ரயிலுக்காக வண்டி ஏறப் போனேன். மரியாயி பின்னாலேயே வந்தாள்.

"சாமியாரோட ஆத்தா இருக்காங்களா?"

"செத்துப் பன்னிரண்டு வருஷமாயிற்றாம்."

"அப்ப அவங்களுக்கு இன்னிக்கு யாருங்க வெப்பாங்க?"

"யாரும் இல்லை போலிருக்கிறது" என்றேன்.

"பாவங்க" என்றாள்.

நான் அந்தச் சாமியாரை இன்னும் மன்னிக்கவில்லை.