முந்திரிக்கொத்தோடு போய்ப் பார்த்த மருத்துவர்

என் முழங்கால்களைப் பரிசோதித்த நாகர்கோவில் மருத்துவர் கடுமையாக எதுவும் சொல்லவில்லை. எக்ஸ்-ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மூட்டை மாற்றலாம், ஆனால் இந்த உடல் எடைக்கு மாற்றிய மூட்டு தாங்காது, சர்க்கரையும் கட்டுக்குள் இல்லை, முதலில் எடை குறைய வேண்டும் என்றார். உணவைக் குறைத்தும், முடிந்த நாளெல்லாம் நடந்தும், பல ஆண்டுகள் முயன்று தோற்றிருந்தேன் என்று நான் சொன்னதை அவர் நம்பினார். அதற்கே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். என் எடையுள்ள பெண்ணை அந்த விஷயத்தில் நம்புகிறவர்கள் குறைவு. எடை குறைவதற்கென்றே வயிற்றில் செய்யும் அறுவை சிகிச்சை உண்டு என்று எனக்கு முதலில் எடுத்துச் சொன்னவரும் அவர்தான்.

அப்போது நான் ஒரு கல்லூரியில் நூலகராக இருந்தேன். மேல்மாடியில் இருந்த பழைய நூல்களின் பகுதிக்கு ஏறுவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தேன். ஆலயத்தில் திருவிருந்து நாளன்று எல்லாரும் பீடத்தின் முன் வரிசையாக முழங்காற்படியிடும்போது, நான் இருக்கையிலேயே அமர்ந்திருப்பேன். போதகர் இறங்கி வந்து அப்பத்தையும் பாத்திரத்தையும் என்னிடம் தருவார். மிகவும் வயதானவர்களுக்குச் செய்யும் அந்தச் சலுகை ஐம்பது தாண்டியவுடனேயே எனக்கு வந்து சேர்ந்தது. இன்னும் சில ஆண்டுகளில் வீட்டுக்குள்ளேயே நடமாட்டம் நின்றுவிடும் என்பது எனக்கும் என் கணவருக்கும் தெரியும். நாங்கள் அதை வாய்விட்டுப் பேசவில்லை.

வெளிநாட்டில் செய்துகொள்வது என்று முடிவானதற்கு, என் தங்கை மஸ்கட்டில் செவிலியாக இருந்தது ஒரு காரணம். அவள் குழந்தைகள் பிரிவில் வேலை பார்த்தாள். அறுவைக்குப் பிறகு சில வாரங்கள் என்னைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். இன்னொரு காரணத்தை நான் வெளியில் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் மருத்துவமனையில் படுத்தால் சபை முழுவதும் பார்க்க வரும். ஆரஞ்சும் பிஸ்கட்டும் வாங்கி வந்து, கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்து, பிறகு என்ன ஆபரேஷன் என்று கேட்கும். பித்தப்பை என்றால் சொல்லிவிடலாம். எடைக்காகச் செய்துகொண்ட அறுவையை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு அன்று எனக்கு இல்லை. கடல் தாண்டிப் போய்விட்டால் யாரும் ஆரஞ்சோடு வரமாட்டார்கள் என்று எண்ணினேன்.

தங்கை விசாரித்து மூன்று அறுவை மருத்துவர்களின் பெயர்களை அனுப்பினாள். நான் என் வழக்கப்படி படிக்கத் தொடங்கினேன். வயிற்றைக் குழாய்போல ஒடுக்கும் முறை எது, உணவின் பாதையையே மாற்றிவிடும் பைபாஸ் முறை எது, யாருக்கு எது பொருந்தும், என்னென்ன கோளாறுகள் நேரலாம் என்று வாரக்கணக்கில் படித்தேன். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற என் கணவரோ ஒரே மாலையில் வேலையை முடித்துவிட்டார். எங்கள் ஊரில் புதிதாக ஒருவரைப் பற்றி அறிவதென்றால் எந்த ஊர், எந்த சபை, யாருடைய மகன் என்று கேட்பதுதான் வழி. நாலைந்து தொலைபேசி அழைப்புகளுக்குப் பிறகு, முகமெல்லாம் மலர்ச்சியாக என்னிடம் வந்தார்.

"ஏட்டி, கேட்டியா? ரெண்டாவது பேரு இருக்குல்லா, அது நம்ம ஆளாக்கும். அம்மை வீடு குழித்துறைக்குப் பக்கம். அம்மைக்க அப்பா நம்ம சபையில உபதேசியாரா இருந்தவரு."

தங்கையிடம் போனில் சொன்னபோது அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அத்தான், அவரு இந்த ஆபரேஷன் எத்தனை பேருக்குச் செஞ்சிருக்காருன்னு கேட்டியளா?"

"அதெல்லாம் செஞ்சிருப்பாரு மக்கா. குடும்பம் நல்ல குடும்பம்."

நான் சிரித்தேன். ஆனால் என் மனமும் அந்தப் பெயரில்தான் போய் நின்றது என்பதை மறைக்க மாட்டேன். மயக்க மருந்தில் கண் மூடும்போது, என் பேச்சைப் புரிந்துகொள்ளும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அறுவைக்கு நாள் குறித்ததும் கணவர் வந்து சேர்வதாக ஏற்பாடு. முதலில் நான் மட்டும் புறப்பட்டேன். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறியபோது இருக்கைப் பட்டை எனக்கு எட்டவில்லை. பணிப்பெண் ஒன்றும் கேட்காமல், கைக்குள் சுருட்டிக் கொண்டுவந்த கூடுதல் பட்டையை என் மடியில் வைத்துவிட்டு, அடுத்த வரிசையில் பேசத் தொடங்கினாள். அவள் முகம் எனக்கு நினைவில்லை. அந்தக் கை நினைவிருக்கிறது.

மருத்துவரைப் பார்க்கப் போகும் காலையில் நான் ஊரிலிருந்து கொண்டுவந்த முந்திரிக்கொத்து டப்பாவைப் பைக்குள் வைத்தேன். சிறுபயறு வறுத்துப் பொடித்து, தேங்காயும் வெல்லப்பாகும் சேர்த்து உருட்டி, மாவில் முக்கி எண்ணெயில் பொரித்தெடுக்கும் பண்டம். ஒருவர் வீட்டுக்கோ இடத்துக்கோ முதன்முதலாகப் போகும்போது வெறுங்கையாய்ப் போகும் பழக்கம் எங்களுக்கு இல்லை. தங்கை என்னையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, நீ ஆஸ்பத்திரிக்குப் போறியா, பெண்ணு பாக்கப் போறியா? தடி குறைக்கப் போற எடத்துக்கு எண்ணெப் பலகாரம் கொண்டு போற ஆளு உலகத்துல நீ ஒருத்திதான்."

"நீ சும்மா இரி."

அவர் நாற்பதுகளில் இருந்தார். நான் மேசைமேல் டப்பாவை வைத்ததும் அதை என்னவென்று கேட்கவில்லை. மூடியைத் திறந்து ஒன்றை எடுத்து, முகத்தருகே கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தி, பிறகு தின்றார்.

"அம்மை போன பெறகு இதைத் தின்னல்ல அக்கா. இஞ்ச உள்ளவங்களுக்கு இது கெடையாது."

வாரக்கணக்காகப் படித்துச் சேர்த்திருந்த கேள்விகளில் ஒன்றும் என் நாவில் வரவில்லை. அவருடைய தாயார் எப்போது இறந்தார், வீடு இப்போது யார் கையில் இருக்கிறது என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரோ பதில் சொல்லிக்கொண்டே என் அறிக்கைகளைப் புரட்டினார். பிறகு அவர்தான் கேட்கத் தொடங்கினார். சர்க்கரை எத்தனை காலமாக, படுத்தால் நெஞ்செரிச்சல் உண்டா, புளித்த நீர் தொண்டைக்கு வருமா, தலையணையை உயர்த்தி வைத்துத்தான் படுக்கிறேனா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். அவர் டப்பாவை மூடி வைத்தார்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லுதேன், வருத்தப்படப்பிடாது. நான் அதிகமாச் செய்யுறது வயிறை ஒடுக்குற ஆபரேஷன். நெஞ்செரிச்சல் இந்த அளவுக்கு இருக்க உங்களுக்கு அதைச் செஞ்சா, பின்னால கூடுதலா கஷ்டப்படுவிய. உங்களுக்கு பைபாஸ்தான் சரி. அது நான் எப்பமாவது ஒண்ணு செய்யுதேன். வேற ஒரு ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர் அம்மா இருக்காங்க. அவங்களுக்கு அதுதான் வேலையே. எனக்க சொந்த அக்காவா இருந்தாலும் அங்கதான் அனுப்புவேன்."

அவர் எழுந்து கதவுவரை வந்து எங்களை வழியனுப்பினார். "டப்பாவைத் திருப்பிக் கேக்காதுங்க, அது எனக்குத்தான்" என்றார். தங்கை காரை வீட்டுக்கு ஓட்டினாள். அந்த நேரத்தில் எனக்கு ஏற்பட்டது நன்றி அல்ல. வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பப்பட்டது போன்ற ஓர் உணர்வு. அவர் சம்மதித்திருந்தால் நான் அன்றே ஒப்புக்கொண்டிருப்பேன்; அவருக்கு அது தெரிந்துமிருந்தது. தெரிந்தும் மறுத்தார் என்பதன் பொருள் எனக்கு விளங்க இரண்டு நாள் ஆயிற்று.

கணவருக்கு இன்னும் கூடுதல் நேரம் பிடித்தது. போனில் விஷயத்தைச் சொன்னதும் கேட்டார்.

"நம்ம ஆளே முடியாதுன்னுட்டாரா? சரி, அந்த அம்மா எந்த ஊரு?"

"எகிப்து."

"எகிப்தா? இஸ்ரவேல் சனம் உசிருக்குப் பயந்து கடலைத் தாண்டி ஓடி வந்த தேசமாக்கும். நீ கடலைத் தாண்டிப் போய் அவங்க கையில கத்தியைக் குடுக்கப் போறியா?" சிரிப்புக்காகச் சொன்னார். ஆனால் குரல் முடிவில் சற்று இறங்கிவிட்டது. அவர் பயந்திருந்தார்.

அந்த டாக்டர் அம்மா குள்ளமானவர், மெதுவாகப் பேசுகிறவர். என் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனையைச் செய்த பிறகே பேச உட்கார்ந்தார். இந்த முறை நான் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். அறுவைக்குப் பிறகு தைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டால் என்ன செய்வீர்கள், உங்கள் கையில் யாருக்காவது அப்படி நேர்ந்திருக்கிறதா என்றுகூடக் கேட்டேன். நேர்ந்திருக்கிறது என்றார். எப்படிக் கண்டுபிடித்தார், அடுத்து என்ன செய்தார் என்பதை எனக்குப் புரியும் எளிய ஆங்கிலத்தில் சொன்னார். நேர்ந்ததே இல்லை என்று அவர் சொல்லியிருந்தால், நான் அவரைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

பிறகு அவர் என்னைக் கேட்டார். யாரிடம் உங்களால் போதும் என்று சொல்ல முடியாது? நான் எங்கள் ஆலயத்தின் அசனத்தைப் பற்றிச் சொன்னேன். சபை முழுவதும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் விருந்து அது. அங்கே இலையில் இடுகிறவரின் கையைத் தடுப்பது அவரையே தடுப்பதுபோல. அவர் சிரித்துவிட்டார். தம் வீட்டில் தட்டைக் காலி செய்தால் மீண்டும் நிறையும், காலி செய்யாவிட்டால் அம்மா அழுவாள் என்றார். அந்த ஒரு சொல்லில், கடலும் மொழியும் ஒரு பக்கம் ஒதுங்கிக்கொண்டன.

வெளியே வரும்போது தங்கை என் காதில், "எல்லாம் கேட்டியே, எந்த சபைன்னு கேக்கல்லியே அக்கா" என்றாள்.

ஆனால் அவர் உடனே நாள் குறிக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு உங்கள் இரத்தத்தை அவ்வப்போது யார் சோதிப்பார், சத்து மாத்திரைகளை யார் கவனிப்பார், அந்த மருத்துவரின் பெயரைச் சொல்லுங்கள், பிறகு நாள் தருகிறேன் என்றார். அந்த வேலை என் கணவர் தலையில் விழுந்தது. அவர் முழங்கால் மருத்துவரிடம் போய்க் கேட்டு, அவர் காட்டிய இன்னொரு மருத்துவரிடம் போய்க் காத்திருந்து, நாங்கள் ஊரில் ஒருவரிடமும் சொல்லாதிருந்த விஷயத்தை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னார். "கூச்சமாத்தான் இருந்துது" என்றார் போனில். "சொல்லித் தொடங்கினதுக்குப் பெறகு ஒண்ணுமில்ல. அவரு எந்த ஊருன்னு நான் கேக்கல்ல, கேட்டியா?"

அறுவை முடிந்த மறுநாள் என்னை நடக்க வைத்தார்கள். அன்று மாலை, கணவர் என் அருகில் அமர்ந்திருக்கையில், கதவைத் தட்டிவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். நான் முந்திரிக்கொத்தோடு போய்ப் பார்த்த குழித்துறைக்காரர். தம் மருத்துவமனையில் வேலையை முடித்துவிட்டு வந்திருந்தார்.

"வெறுங்கையோட வந்திருக்கேன் அக்கா. என்னத்தைக் கொண்டு வந்தாலும் இப்ப உங்களால தின்ன முடியாதுல்லா."

கணவரோடு சிறிது நேரம் பேசினார். இருவருக்கும் பொதுவான உறவினர் ஒருவரை எப்படியோ கண்டுபிடித்தார்கள். புறப்படும் முன் கட்டில் அருகே நின்று, தலையைத் தாழ்த்தி, இரண்டு மூன்று வரிகளில் ஜெபித்தார். எதற்குப் பயந்து கடல் தாண்டினேனோ அதுவே அந்த அறைக்குள் வந்து நின்றது. நான் அழுதேன். அப்படி ஒருவர் வந்து ஜெபிப்பது எனக்கு வேண்டியிருந்தது என்று அதுவரை தெரியாது.

எடை மெல்லக் குறைந்தது, சர்க்கரையும் அடங்கியது. அடுத்த ஆண்டு நாகர்கோவிலில் முழங்கால் மூட்டுகளை மாற்றினார்கள். இப்போதும் என்னால் முழங்காற்படியிட முடிவதில்லை. ஆனால் பீடம்வரை நடந்து போய், மற்றவர்களின் வரிசை முடிவில் நின்று பெற்றுக்கொள்கிறேன். முதல் முறை அப்படி நின்றபோது, என் இருக்கையை நோக்கி இறங்கத் தொடங்கியிருந்த போதகர் என்னைக் கண்டு திரும்பி வந்தார்.

அன்று ஆராதனை முடிந்ததும் என் வயதுப் பெண் ஒருத்தி என்னை ஆலயத்தின் பக்கவாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கும் என் பழைய உடம்பு, மூச்சு வாங்கியது.

"உண்மையைச் சொல்லு. மஸ்கட்டுல ஆபரேஷன் செஞ்சுதான மெலிஞ்சே? செஞ்ச டாக்டரு நம்ம ஆளா?"

"நம்ம ஆளு ஒருத்தரு வழி காட்டித் தந்தாரு. செஞ்சது எகிப்துக்காரி."

"எகிப்துக்காரியா! உனக்குப் பயமா இருக்கல்லியா?"

"இருந்துது" என்றேன். எந்த ஆபரேஷன், எதற்காக என்பதையெல்லாம் குரலைத் தாழ்த்தாமல் அவளிடம் சொன்னேன். பிறகு, அவள் கேட்பதற்கு முன்பாகவே, குழித்துறைக்காரரின் எண்ணைக் கொடுத்தேன். "அவருகிட்ட பேசு. அவரால முடியும்னா செய்வாரு. இல்லைன்னா யாருகிட்ட போவணும்னு சொல்லுவாரு."

அவள் எண்ணைப் பதிந்துகொண்டு நிமிர்ந்தாள்.

"போறப்ப என்ன கொண்டு போவட்டும்?"

"முந்திரிக்கொத்து" என்றேன்.