சபைக்கு விழுந்தேன்

கல்லூரியிலிருந்து போன் வந்தபோது மாரியூர்க் கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தேன். உங்கள் மகள் பரீட்சையில் பிட் வைத்திருந்ததாகப் புகார் வந்திருக்கிறது, நாளைக் காலையில் வீட்டிலிருந்து யாராவது வர வேண்டும் என்று ஒரு பெண் குரல் சொன்னது. சரிங்கம்மா என்றேன். போனை வைத்த பிறகுதான் அது பொய்யா நிஜமா என்றுகூடக் கேட்கவில்லையே என்று பட்டது. யார் போனில் என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டதற்கு, நண்டு எடுக்கிற கம்பெனிக்காரன் என்று சொல்லிவிட்டேன்.

நான் பத்தாவதோடு நின்றவன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என் மகள். ராமநாதபுரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். புகார் உறுதியானால் அந்தப் பரீட்சை செல்லாது, மிச்சப் பரீட்சைகளும் எழுத முடியாது, ஒரு வருஷம் போய்விடும். ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தால் அதற்குள் சொந்தக்காரர்கள் மாப்பிள்ளை பேசி முடித்துவிடுவார்கள். அவளுடைய படிப்பு அவ்வளவுதான். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் கல்லூரி வாசலில் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. சாப்பிட்டியா என்றேன். தலையை ஆட்டினாள். வாசலிலிருந்து அந்த அறை வரைக்கும் நடந்தோம். அந்தத் தூரம் முழுக்க அவள் அடிக்கடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் கேட்பேன் என்று காத்திருந்திருக்கிறாள். நான் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். உண்மையைச் சொன்னால், அவள் செய்திருப்பாள் என்றே மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். பெரிய இடத்தில் நம் பேரில் புகார் என்றால் நம் பக்கம் தப்பு இருக்கும் என்று நினைத்தே வளர்ந்துவிட்டேன்.

அந்தக் கல்லூரியில் பரீட்சைப் புகார்களை முதலில் விசாரிப்பது மாணவர்கள்தான். மற்ற மாணவர்கள் சேர்ந்து தேர்ந்தெடுத்த குழு. அறையில் நீள மேசைக்குப் பின்னால் என் மகள் வயதுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு பையன். அவனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தாள். ஓரமாக ஒரு பேராசிரியை. அவர் பேச மாட்டார், பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார் என்றார்கள். “உக்காருங்கப்பா” என்று அந்தப் பையன் நாற்காலியைக் காட்டினான்.

நான் உட்காரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினேன். நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தேன்.

எங்கள் ஊர்க்கூட்டத்தில் அதுதான் முறை. யார் பேரில் புகாரோ, அவர் வீட்டு ஆள் முதலில் சபைக்கு விழ வேண்டும். விழுந்தால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாக ஆகாது. சபைக்குக் கட்டுப்படுகிறேன் என்று அர்த்தம். விழுந்த பிறகுதான் வழக்கையே எடுப்பார்கள். ஒரு தடவை அடுத்தவர் வலையை அறுத்ததாக என் பேரில் புகார் வந்தது. விழுந்து எழுந்தேன். பிறகு விசாரித்ததில், விசைப்படகு இழுத்து அறுத்தது என்று தெரிந்து போகச் சொல்லிவிட்டார்கள். நாலு பேர் முன்னால் பேச்சு வராத எனக்கு அந்த முறை பெரிய சௌகரியமாக இருந்தது.

ஆனால் அன்றைக்கு விழுந்ததோடு நான் நிற்கவில்லை. வாயும் திறந்துவிட்டது. “பிள்ளை தெரியாமச் செஞ்சிருச்சு. மன்னிச்சு விட்டுருங்கய்யா” என்றேன். எங்கள் ஊர் முறையில்கூட இந்த வார்த்தை கிடையாது. இது நானாகச் சொன்னது.

பிள்ளைகள் பதறி எழுந்தார்கள். ஒரு நாற்காலி கவிழ்ந்தது. யாரோ சங்கடத்தில் சிரித்ததும் காதில் விழுந்தது. இரண்டு பேர் வந்து என்னைத் தூக்கி உட்கார வைத்தார்கள். எழுதிக்கொண்டிருந்த பெண் பேனாவை நிறுத்தி, “அப்ப உங்க மக செஞ்சதா நீங்களே சொல்றீங்களாப்பா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

என் மகள்தான் பேசினாள்.

“எங்கய்யா என்கிட்ட இன்னும் கேக்கவே இல்ல. நீங்களாவது கேளுங்க.”

கண்ணாடிப் பையன் என்னைப் பார்த்தான். “நீங்க கேக்கலையாப்பா?” குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டான். கல்லூரி வாசலிலிருந்து அந்த அறைக்கு இருக்கும் தூரம்தான் அப்போது நினைவுக்கு வந்தது. இல்லை என்று தலையசைத்தேன்.

பிறகு அவளிடம் கேட்டார்கள். பிட் தன் காலடியில் கிடந்தது, ஆனால் தன்னுடையது இல்லை என்றாள். அந்தத் துண்டுக் காகிதத்தை என்னிடமும் காட்டினார்கள். எறும்பு ஊர்வது மாதிரிப் பொடி எழுத்து. என் மகள் எழுத்து குண்டு குண்டாக இருக்கும். என் வள்ளத்தின் பதிவு எண்ணைப் பெயிண்டில் எழுதுகிறவளே அவள்தான். “இது எம்பிள்ள எழுத்து இல்ல” என்றேன்.

“இப்பத்தான செஞ்சிருச்சுன்னு சொன்னீங்க?” என்றான் ஓரத்தில் இருந்த இன்னொரு பையன்.

அதோடு என் பேச்சுக்கு அங்கே மதிப்பு இல்லை. என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். அவளுடைய விடைத்தாள்களை வரவழைத்து எழுத்தைப் பார்த்துவிட்டு, முடிவைப் பிறகு சொல்கிறோம் என்றார்கள். என்னை பஸ் ஏற்றிவிட அவள் பேருந்து நிலையம் வரை வந்தாள். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாள். பஸ் கிளம்பும்போது, “அடுத்து கூப்பிட்டா அம்மாவ அனுப்புங்க” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

கரையில் எல்லோரும் மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறாள் என்றேன். என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னபோது, விழுந்ததைச் சொன்னேன். வாய் திறந்து சொன்னதைச் சொல்லவில்லை.

சில நாள் கழித்து அதே பெண் குரல் போனில் வந்தது. எழுத்து ஒத்துப்போகவில்லை, புகாரைத் தள்ளிவிட்டார்கள், உங்கள் மகள் மிச்சப் பரீட்சைகளை எழுதலாம் என்றது. வலையை அப்படியே போட்டுவிட்டு, ஈரக் கையோடு மகளுக்குப் போன் போட்டேன்.

“தாயி, நீ செய்யலன்னு சொல்லிட்டாக” என்றேன்.

“அது எனக்கு மொதல்லயே தெரியும்யா” என்றாள். “இப்ப ஒங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கு.”

நாளைக்குப் பரீட்சை, படிக்கணும் என்று வைத்துவிட்டாள். போன் திரையெல்லாம் நண்டுச் சேறு. துண்டால் துடைத்தேன். அன்றைக்கு இடுப்பில் கட்டியிருந்த அதே துண்டு.